முதலில் பரண், பிறகு ஹால்



சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் மூன்று வாரமாக என் மேசையிலேயே இருக்கிறது. 34 வருஷம் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டு, மகள் இருக்கும் ஊரில் சின்னதாக ஒரு ஃப்ளாட்டுக்குப் போகப் போகிறார்கள். ‘ஹாலுக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. வாசல் கேட்டுக்கும் அடித்தாகிவிட்டது. ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தால்தான் எனக்கே மலைப்பாக இருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்டால் சாவியைக் காணோம் என்று சொல்லிவிடட்டுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா, அப்படிச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டை விற்றபோது நாங்கள் அதைத்தான் செய்தோம். மூன்று மாதம் வீணாகப் போயிற்று.

குரோம்பேட்டையில் அப்பா 1979-ல் கட்டிய வீடு அது. அப்பா காலமான பிறகும் அம்மா பன்னிரண்டு வருஷம் அங்கே தனியாக இருந்தார். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு கோவையில் அண்ணன் வீட்டுக்குப் போனார். விற்றுவிடலாம் என்று அவரேதான் சொன்னார். அண்ணன், நான், தங்கை மூவரும் கூடி ஹாலைப் புதுப்பித்தோம். தேக்கு வாசற்கதவுக்கு பாலிஷ் போட்டோம். மொசைக் தரையைத் தேய்த்துக் கழுவினோம். ஹாலில் இடைஞ்சலாக இருந்த அத்தனையையும் ஸ்டோர் ரூமுக்குள்ளும் மாடிப்படிக்குக் கீழேயும் தள்ளிப் பூட்டினோம். பதினோரு குடும்பங்கள் வந்து பார்த்தன. எல்லோரும் ஹாலைப் பாராட்டினார்கள், காற்றோட்டத்தைப் பாராட்டினார்கள். ஒருவர்கூட இரண்டாம் தடவை வரவில்லை.

அந்தப் பகுதியில் நெடுங்காலமாக வீடு காட்டுகிற புரோக்கர் ஒருவர்தான் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “மேடம், ஹாலைப் பார்த்துட்டு வீடு நல்லா இருக்குன்னு சொல்வாங்க. பின்னாடி பார்த்துட்டுத்தான் வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. நீங்க அதைப் பூட்டி வெச்சிருக்கீங்களே.”

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நியாயம்! வீடு வாங்க வருகிறவர்கள் மனசுக்குள் ஏற்கெனவே அந்த வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்க்கிறார்கள். 25 கிலோ அரிசி மூட்டையை எங்கே இறக்குவது, கொலுப் பெட்டியை எங்கே ஏற்றுவது, இரண்டாவது சிலிண்டருக்கு இடம் இருக்கிறதா, வாஷிங் மெஷினை எங்கே வைத்தால் தண்ணீர் உள்ளே வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கிறார்கள். இதற்கெல்லாம் ஹாலில் பதில் இல்லை. பூட்டிய அறை முன்னால் வந்து நின்றதும் அவர்களுடைய கேள்வியே மாறிவிடுகிறது. உள்ளே ஓதம் ஏறியிருக்குமோ, கரையான் பிடித்திருக்குமோ, பங்காளிகள் யாராவது சாமானைப் போட்டுப் பூட்டியிருப்பார்களோ என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். அந்த ஒரு பூட்டினால் வீடு முழுவதின் மேலும் சந்தேகம் படிகிறது.

ஆகவே திரும்பவும் ஆரம்பித்தோம். இந்தத் தடவை பரணிலிருந்து.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் இல்லாதபோது பரணைக் காலி செய்யாதீர்கள். ‘அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம், நாமே முடித்துவிடலாம்’ என்று தோன்றும். அது அன்பினால் வருகிற நினைப்புத்தான். ஆனால் அந்தச் சாமான்களைச் சேர்த்தவர் அவர். எதை விடலாம் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான் முதலில் உண்டு. நாங்கள் அம்மாவை அழைத்து வந்து, கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அண்ணன் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக இறக்கினான். தங்கை வாங்கித் துடைத்தாள். நான் அம்மா முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

சமையலறைப் பரண் ஏழடி உயரத்தில், இரண்டடி ஆழத்தில், சுவரின் நீளத்துக்கு ஓடியது. அதற்குள் ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷம் இருந்தது. பித்தளை அண்டா இரண்டு, ஈயம் போன தேக்சா, பம்ப் ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு, தூளிக் கட்டை, இலவம்பஞ்சு மெத்தை, ஹோல்டால், உடைந்த கொலு பொம்மைகளை வைக்கோலோடு போட்டு மூடிய பழத்தட்டுப் பெட்டி, அப்பாவின் சைக்கிள் டைனமோ, பிரித்தே பார்க்காத கல்யாணப் பரிசு டிபன் கேரியர்கள் ஏழு. அம்மா அழவில்லை. பெரிய அண்டாவை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல உங்க மூணு பேருக்கும் புண்ணியாசனத்துக்கு வெந்நீர் போட்டிருக்கு. இப்ப யார் வீட்டுல இதை வைக்க எடம் இருக்கு? பக்கத்து முருகன் கோயில்ல அன்னதானத்துக்குக் குடுத்துடு” என்றார். நாங்கள் மூவரும் அதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதே அம்மா, ஆறு ரூபாய்கூடப் பெறாத ஒரு மரக் கரண்டியைக் கையை விட்டு விடவில்லை. அது இப்போது கோவையில் இருக்கிறது.

இறக்கிய சாமான்களை நான்கு குவியலாகப் பிரித்தோம். எடுத்துப்போவது, கொடுப்பது, காயலான் கடைக்குப் போடுவது என்று முதல் மூன்று. இவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். அம்மி, ஆட்டுக்கல், உரல் இருந்தால் காயலான் கடைக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆட்டுக்கல்லை எதிர்வீட்டுப் பையன் ஆசையோடு உருட்டிக்கொண்டு போனான். பழைய சாமி படங்களை அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வருகிற வழக்கம் எனக்கு வேதனையாக இருக்கும். சட்டத்தையும் கண்ணாடியையும் பிரித்து ஃப்ரேம் கடையில் கொடுத்துவிட்டு, படத்தை மட்டும் மடித்துச் செடிக்கடியில் புதைத்துவிடலாம்.

நான்காவது குவியல், வீட்டோடு விட்டுப்போவது. இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நாங்களும் முதலில் நினைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கில் 1979-ல் தரை போட்டபோது மிஞ்சிய மொசைக் கற்கள் இருந்தன. காயலான் கடைக்காரர் வண்டியில் ஏறப் போன நேரத்தில் அம்மாதான் தடுத்தார். “நாளைக்கு ஒரு கல்லு உடைஞ்சா இந்தக் கலர்ல எங்கே போய்த் தேடுவாங்க?” அந்தச் சாக்கு நம்முடையது இல்லை, வீட்டினுடையது. அதுபோலவே கிணற்றுக் கப்பி, ஜன்னல் கொண்டிகளுக்கு வைத்திருந்த உபரி, பெயின்ட் நிறத்தின் எண், மோட்டார் வாங்கிய ரசீது, குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்று கொத்தனார் அட்டையில் கிறுக்கித் தந்த படம். இவற்றை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு ஸ்டோர் ரூம் மூலையில் வைத்தோம். எவை வீட்டோடு சேரும், இன்வெர்ட்டரும் தண்ணீர் ஹீட்டரும் மோட்டாரும் இருக்குமா போகுமா என்பதையெல்லாம் அக்ரிமென்ட் போடும்போதே எழுதிவிடுங்கள். பெரிய தொகையில் மனம் ஒத்துப்போனவர்கள் ஒரு கீசருக்காகக் கடைசி நாளில் முகம் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

குப்பையிலும் கவனமாக இருக்க வேண்டியவை சில உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் பேட்டரி விற்பவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆசிட் பாட்டில், எலி மருந்து, பாதி பெயின்ட் டின் இவற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழைய சாமான் என்று எல்லாவற்றையும் போகிக்கு ஒதுக்கி வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் டயரும் அந்த நெருப்பில் போகவே கூடாது. துணி துவைக்கும் இடத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டிருந்தால் அதைச் சம்மட்டியால் உடைத்து இறக்க விடாதீர்கள். உடையும்போது பறக்கும் நார்த் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கும். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்ய வந்த மனிதருக்கு நீங்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

காகிதங்களுக்கு வருகிறேன். பத்திரிகைக்காரியாக எனக்கு இது மிக நெருங்கிய விஷயம்.

எங்கள் ஸ்டோர் ரூம் அலமாரியின் மேல்தட்டில் அம்மா பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள் இருந்தன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டது. சிலவற்றை இராமபாணப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது. பழைய பேப்பர்காரர் கிலோ விலை சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். மற்றவர்கள் எடைக்குப் போட்ட புத்தகங்களையும் இதழ்களையும் நோட்டீஸ்களையும் வாழ்நாளெல்லாம் சேகரித்தார். அவர் 1992-ல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-ல் சென்னையில் தொடங்கியதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழில் ஆய்வு செய்கிறவர்கள் அந்தப் படியேறாமல் இருக்க முடியாது. அதற்கு முந்திய தலைமுறையில் உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி வீடு வீடாக, மடம் மடமாக அலைந்தார். பழசாகிவிட்டது என்று ஏடுகளை ஆற்றில் விட்டதையும் நெருப்பில் இட்டதையும் கேட்டு அவர் பட்ட துயரத்தை எழுதி வைத்திருக்கிறார். எனவே பரணிலிருந்து இறங்குகிற காகிதக் கட்டு எதையும் பிரித்துப் பார்க்காமல் தராசில் ஏற்றாதீர்கள். பழைய இதழ், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், தாத்தாவின் கணக்கு நோட்டு எதுவானாலும் ஒரு நூலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தக் கட்டுகளுக்குள்தான் வீட்டின் பத்திரங்களும் இருக்கும். எங்கள் மூலப்பத்திரம் பீரோவில் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஸ்டோர் ரூம் டிரங்குப் பெட்டியில், அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு அடியில் இருந்தது. அதோடு கட்டட அனுமதி வரைபடம், பழைய வீட்டுவரி ரசீதுகள், மீட்டர் கார்டு. மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மூலப்பத்திரம் தொலைந்துபோனால் காவல் நிலையப் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைச்சல் கூடும். வாங்குகிறவரின் வங்கிக் கடனும் தடைப்படும். விற்பனை விளம்பரம் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

காலியான ஸ்டோர் ரூமில் முதல் தடவையாகச் சுவரைப் பார்த்தோம். அரிசி டின்களுக்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது. கதவு நிலையின் அடியில் கரையானின் மண் கோடு. பெயின்டர் அனுபவசாலி. “பட்டி பார்த்து ரெண்டு கோட் அடிச்சிட்டா ஆறு மாசத்துக்குத் தெரியாது” என்றார். அந்த ஆறு மாதத்துக்குள் வீடு கைமாறிவிடும். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

அம்மா வெளியிலிருந்தே கேட்டார். “ஆறு மாசம் கழிச்சு அந்தப் பொண்ணு அரிசி டின்னை நகர்த்தும்போது என்னை என்னன்னு நினைப்பா?”

யார் வாங்கப் போகிறார்கள் என்றே தெரியாத நேரம் அது. ஆனால் அம்மாவுக்கு அங்கே அரிசி டின்னை நகர்த்தப் போகிற ஒரு பெண் ஏற்கெனவே வந்துவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஓதத்தின் மூலத்தைத் தேடினோம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் இணைப்பில் கசிவு. மேலே மொட்டைமாடியில் தட்டோடு இரண்டு இடத்தில் விரிசல். பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் ஆன செலவு, நாங்கள் வாசற்கதவு பாலிஷுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சுவரை ஒரு மாதம் காயவிட்டுப் பிறகு பூசினோம். கரையானுக்குச் சுவரோரம் துளை போட்டு மருந்து செலுத்தி, அந்த ரசீதையும் டிரங்குப் பெட்டியில் சேர்த்தோம். வந்தவர்களிடம் நாங்களே முந்திக்கொண்டு, ‘இங்கே ஓதம் இருந்தது, இதனால் வந்தது, இப்படிச் சரி செய்திருக்கிறோம்’ என்று சொன்னோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. ‘வேறு எங்கேயாவது இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். இல்லை என்றபோது நம்பினார்கள்.

அடுத்தது தண்ணீர். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வீடு வாங்குகிற யாரும் 2019 கோடையை மறக்கவில்லை. தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்த கோடை அது. அதனால் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்பார்கள். திறந்தவுடன் எழுகிற வாசனையில் எல்லாமே முடிவாகிவிடும். தண்ணீரை முழுக்க இறைத்து, தென்னை நார் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவிக் காயவிடுங்கள். நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்புக்குள் உடனே ஆளை இறக்காதீர்கள். சில மணி நேரம் திறந்து வைத்து, மேலே ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போதுதான் இறங்க வேண்டும். கழுவிய பிறகு நிரப்பி, நீர்மட்டத்தில் கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க மோட்டார் போடாமல் விடுங்கள். மட்டம் கோட்டிலேயே நின்றால் விரிசல் இல்லை. கொள்ளளவையும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். எங்கள் சம்ப் 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம். ஏறக்குறைய 6,800 லிட்டர். ஒரு 6,000 லிட்டர் லாரியை அப்படியே வாங்கிக்கொள்ளும் என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் வந்த நிம்மதியை எந்தப் பெயின்ட்டும் தந்திருக்காது.

கிணறோ போரோ இருந்தால் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் செய்து தருகிறார்கள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 500-ஐத் தாண்டித்தான் இருந்தது. துவைக்க, கழுவ, செடிக்கு மட்டும் என்று எழுதியே வைத்தோம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அப்போது வெட்டிய குழிகள் பல வீடுகளில் இன்று மண் மூடி, மேலே துளசி மாடம் நிற்கிறது. சேற்றை அள்ளி, கூழாங்கல்லும் மணலும் மாற்றினால் ஒரே நாள் வேலைதான்.

செப்டிக் டேங்க் இருக்கிற வீடு என்றால் அதையும் சுத்தம் செய்துதான் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியது அது. உறிஞ்சுகிற லாரியைத்தான் கூப்பிட வேண்டும். ஒரு மனிதரை உள்ளே இறங்கச் சொல்வது 2013-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். ‘கொஞ்சம் அடைப்புத்தானே, ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்தால் இறங்கிவிடுவார்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விற்கிற அவசரத்தில் ஒரு உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி இருக்கிற வீடுகளில் அதை ஒட்டித்தான் பழைய செய்தித்தாள் கட்டு, செருப்பு, சாக்கு எல்லாம் அடைந்து கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். பீங்கான் ஃபியூஸ் கேரியர் இன்னும் இருந்தால் எம்.சி.பி. போட்டுவிடுங்கள், எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்கள். ஃப்ளாட்டில் இருக்கிறவர்களுக்கு யூட்டிலிட்டி பால்கனியும் ஷாஃப்டும் கார் நிறுத்துமிடமும்தான் பின்கட்டு. அங்கே தரை வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். கார் இடத்தில் கிடக்கிற பழைய மெத்தையை எடுத்துவிடுங்கள். பயன்படுத்தாத சிலிண்டரை அப்படியே யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஏஜென்சியில் ஒப்படைத்தால் நீங்கள் கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

மோட்டார் ரூமைக் கடைசியாகத்தான் எடுத்துக்கொண்டோம். நாலடிக்கு நாலடி, கொல்லையில் கிணற்றை ஒட்டியது. உள்ளே ஸ்டார்ட்டர், இரண்டு கேட் வால்வ், துருப்பிடித்த ஃபுட் வால்வ் ஒன்று. உள்சுவரில் அம்மா பென்சிலால் எழுதியிருந்தார். நாங்கள் யாரும் அதற்கு முன் அதைக் கவனித்ததே இல்லை. ‘சம்ப் கழுவியது 12.1.86.’ ‘சம்ப், டேங்க் 11.1.87.’ வருஷத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு முன்னால். இடையிடையே சில வரிகள். 2003-ல் ‘கிணறு அடி தட்டியது, லாரி’. 2015 டிசம்பரில் ‘வெள்ளம். சம்ப்பில் தெருத் தண்ணீர். நாலு தடவை கழுவியது’. 2019 ஜூனில் ‘கிணறு முழுக்க வற்றியது. ஆகஸ்டில் ஊறியது’. கடைசி வரி அம்மா கோவைக்குப் போவதற்கு முந்தைய பொங்கல்.

பெயின்டர் வாளியோடு வந்து நின்றார். அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னோம்.

இரண்டாம் சுற்றில் நான்காவதாக வந்த குடும்பம் வாங்கியது. கணவர் அண்ணனோடு ஹாலில் பேசிக்கொண்டிருந்தார். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. “பின்பக்கம் பார்க்கலாமாங்க?” என்று அவரே கேட்டார். ஸ்டோர் ரூமில் நின்று காலிப் பரணை அண்ணாந்து பார்த்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து மொசைக் கல்லை எடுத்துத் தரையோடு வைத்துப் பார்த்தார். மோட்டார் ரூமுக்குள் தலையை நீட்டியவர், வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போனை எடுத்து அந்தச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு, “இதை எழுதினது யாரு?” என்றார். கறிவேப்பிலை மரத்தடியைக் காட்டினேன். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். வெள்ளத் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது என்பதைக்கூட அம்மா மறைக்காமல் காட்டினார். மூன்றாவது படி.

போன மாதம் அந்த ஆசிரியை எனக்கு போன் செய்தார். பொங்கலுக்கு முன்னால் சம்ப்பைக் கழுவி முடித்துவிட்டாராம். இப்போது மோட்டார் போட்டால் மேல் டேங்குக்கு உப்புத் தண்ணீர் ஏறுகிறது, இரண்டு வால்வில் எதை மூட வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கோவைக்கு லைன் போட்டுக் கொடுத்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. “இடது பக்கம் இருக்கறது கெணறும்மா. அதை இறுக்க மூடிட்டு, வலது பக்கத்தை முழுக்கத் திற.”

அன்புடன்,
ஆசிரியர்